காட்டுப்பன்றிகள் கேட்ட புதிய ஆல்பம்

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டுப்பன்றிகளை வைத்து முடிவு செய்யலாமா? சாமை அறுவடை முடிந்து கதிரெல்லாம் களத்துக்குப் போய்விட்டது. இந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. வேலூரில் ஒரு மெட்டல் இசைக்குழு தன் புதிய ஆல்பத்தை வெளியிடாமல் என் பதிலுக்காகக் காத்திருக்கிறது. என் பதிலைப் பொறுத்து ஓர் இளைஞன் அந்தக் குழுவில் நீடிப்பான் அல்லது வெளியே போவான். அந்தப் பதிலைத்தான் நான் இன்னும் அனுப்பவில்லை.

நான் ஒடுகத்தூரில் பிறந்து, வேலூரில் பொறியியல் படித்து, கலசப்பாக்கத்துக் குடும்பமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்றரை வயது. குழந்தைக்காகக் காய்ச்சிய தண்ணீர் ஆறிய பிறகு, அது உண்மையிலேயே கொதித்ததா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அடுப்பில் ஏற்றுகிற ஆள் நான். இரண்டாவது முறை கொதிக்கும்போது, ஒரே தண்ணீரை இரண்டு முறை காய்ச்சுவது கெடுதலோ என்று இன்னொரு சந்தேகம் வரும்.

இப்படிப்பட்டவள்தான் கல்லூரி நாட்களில் ஒரு மெட்டல் குழுவின் முன்னணிப் பாடகியாக இருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை குறைகிறது. மெட்டலில் பாடுவது என்றால் பெரும்பாலும் உறுமுவது. அடிவயிற்றிலிருந்து காற்றை எடுத்துத் தொண்டையில் கிழித்து வெளியே விட வேண்டும். கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பையன்கள், நடுவில் நான். பேசும்போது என் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. உறுமினால் விடுதி வார்டன் மாடியிலிருந்து இறங்கி வருவார். ஒரு வாக்கியத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று பத்து முறை யோசிக்கிறவளுக்கு, வாக்கியமே புரியாதபடி கத்தலாம் என்ற வசதி எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யோசிக்காமல் பேசுகிறவர்களுக்கு விளக்க முடியாது.

ஒரு ஆல்பம் போட்டோம். எல்லாப் பாட்டும் தமிழில். எங்கள் குழுவுக்குப் பிடித்தமான பாட்டு, ஒடுகத்தூர் பஸ் வராததைப் பற்றியது. வேலூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு நானே எழுதியது. "வரும்னாங்க, வரல" என்று தொடங்கும். அந்த இரண்டு சொல்லை மாற்றி மாற்றி மூன்று நிமிடம் உறுமுவேன். கல்லூரி விழாவில் அதைப் பாடியபோது அரங்கத்தில் முன்வரிசை காலியானது. வெற்றி என்று கிட்டார்காரன் சொன்னான்.

பெண் பார்க்க வந்தபோது என் அம்மா, "பொண்ணு நல்லா பாடும்" என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை. மாமியார் பாடச் சொன்னார். நான் அம்மன் பாட்டொன்றைக் குனிந்த தலையோடு பாடினேன். கலசப்பாக்கத்தில் இன்றும் என் மாமியார் தெருவில் எல்லோரிடமும், "எங்க மருமவ கொரலு தேனு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கணவருக்கு மட்டும் நிச்சயமான பிறகு ஆல்பத்தை அனுப்பினேன். கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "தொண்ட வலிக்கலயாம்மா?" என்று கேட்டார். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

அதன் பிறகு நான் குழுவை விட்டு விலகவில்லை. அவர்களும் என்னை நீக்கவில்லை. முதலில் கல்யாண வேலை, பிறகு மலைக்குக் குடிவந்தது, பிறகு வாந்தி, பிறகு குழந்தை. "அடுத்த மாசம் வர்றேன்" என்று நான் சொல்ல, "ஒண்ணும் அவசரமில்ல" என்று அவர்கள் சொல்ல, ஒருநாள் கிட்டார்காரன் போன் செய்தான். கல்லூரியில் என்னை "மச்சி" என்றுதான் கூப்பிடுவான். கல்யாணத்துக்குப் பின், என் கணவர் பக்கத்தில் இருக்கிறாரோ என்ற பயத்தில் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"ஒரு பையன் கெடச்சிருக்கான்" என்றான்.

ஏதோ வரன் அமைந்ததைச் சொல்வது போலிருந்தது. நானும், "நல்ல பையனா?" என்று கேட்டேன்.

"நல்லா பாடுறான். தோல் கம்பெனியில வேல. உன் பாட்டெல்லாம் மனப்பாடமா தெரியும்."

"நல்லதாப் போச்சு" என்றேன். போனை வைத்துவிட்டு மகளுக்கு நகம் வெட்டினேன். அவளுக்கு வெட்டத் தேவையே இல்லாத நகம்.

இனி பன்றிகள்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு வீட்டுக்குப் பின்னால் சரிவில் சாமைக் காடு. வருஷத்துக்கு ஒரு போகம். அதுதான் அவர்கள் வீட்டுச் சோறு, மிஞ்சினால் ஜமுனாமரத்தூர்ச் சந்தை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் தின்றது கொஞ்சம், மிதித்து உழுதது மிச்சம். வெடி போட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் வீட்டுக்காரர் காவல் குடிசையில் படுத்துத் தகரம் தட்டுவார். இந்த வருஷம் அவருக்கு முதுகு வலி. தகரம் தட்டுகிற இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ஒரு மாலை வீட்டுக்காரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் காய்கறி வண்டிக்காரர்கள் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி பேட்டரி ஸ்பீக்கர். மருமகன் வாங்கித் தந்ததாம்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல நாய் சத்தம் கீதா? ராவெல்லாம் கொலைக்கிற மாதிரி வோணும்."

என் கணவர் அறிவியல் ஆசிரியர். இப்படிப்பட்ட கேள்விக்காகவே காத்திருப்பவர். நாய் குரைப்பது, புலி உறுமுவது எல்லாம் இறக்கி, வீட்டில் கிடந்த ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கள் ஆல்பம் இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"நாயி கொஞ்ச நேரந்தான் சார் கொலச்சிது. புலி இன்னாமோ சீக்கு வந்தாப்புல இருந்துச்சி. அப்பறம் ஒரு கரடி வந்துச்சி பாருங்க, எங்கூட்டுக்காரரே எழுந்து ஒக்காந்துக்கினாரு. பன்னி அந்தாண்ட ஓடையத் தாண்டல."

கணவர் வாயைத் திறந்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டு பழத்தை வாங்கிக்கொண்டார்.

ஏன் தலையை ஆட்டினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊரில் எனக்குச் 'சார் வூட்டம்மா' என்று பெயர். தாய்மார்கள் பிள்ளைக்கு இருமல் என்றால் என்னிடம் வந்து மருந்துப் பாட்டிலைப் படிக்கச் சொல்வார்கள். அந்தக் கரடி நான்தான் என்று தெரிந்தால் நான் படிக்கிற அளவை நம்புவார்களா? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வருவதற்குள் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர் கரடியைப் பதிந்து தரச் சொல்லிக் கேட்டு வந்துவிட்டார்கள். மூன்று சரிவில் என் குரல் ஒலிக்கத் தொடங்கிய பிறகு, "அது நான்தான்" என்று சொல்வதற்கான நேரம் போய்விட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் இசையைக் கேட்டு எழுந்து ஓடியவர்கள் வேலூரிலும் உண்டு. ஓடியதற்காக வாழைப்பழம் வந்தது இங்கேதான். தினமும் பொழுது சாய்ந்தால் சரிவிலிருந்து என் பழைய குரல் மெல்லிசாக வரும். "வரும்னாங்க, வரல." மகள் அதைக் கேட்டபடியே கண் சொக்கித் தூங்குவாள். அம்மாவின் குரலில்தான் தூங்குகிறாள் என்று எடுத்துக்கொள்வதா, கரடி சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டாள் என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிய ஆல்பம் வந்தது. வெளியிடுவதற்கு முன்னால் என் காதுக்கு வர வேண்டும் என்று கிட்டார்காரன் அனுப்பியிருந்தான். கூடவே போனும் செய்தான்.

"உண்மையச் சொல்லணும். டிரம்மரும் பாஸும், நீ வருவியான்னு கேட்டுப் பாரு, இவன் வேணாம்ங்கறாங்க. நான் இவன் பக்கம். இவன் எந்தப் பக்கமும் இல்ல, பாவம். நீ ஒரு வார்த்த சொன்னா அதோட முடிச்சிக்கலாம்னு மூணு பேரும் ஒத்துக்கிட்டோம்."

"நான் எப்படிச் சொல்றது? என் எடத்துக்கு வந்தவன நானே எப்படி..."

"அதனாலதான் உன்னக் கேக்கறோம்."

அதனாலேயே என்னைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சொல்வதற்குள் மகள் பருப்பு டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்தப் புதுப் பாடகனே ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, வணக்கம். நீங்க நின்ன எடத்துல நிக்கறேன். கேவலமா இருந்தா நேரா சொல்லிடுங்க. வேலய விட்டுட்டேன், அதனால பொய் வேணாம்." வேலையை விட்டவனிடம் உண்மையைச் சொல்வது எப்படி என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேட்டேன். ஒரு காதில் ஆல்பம், இன்னொரு காது குழந்தைக்கு. முதல் தடவை, நன்றாக இருந்தது. உடனே, பெருந்தன்மையாக இருக்க ஆசைப்பட்டு அப்படி நினைக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. இரண்டாம் தடவை, பிடிக்கவில்லை. இது பொறாமையோ என்று தோன்றியது. மூன்றாம் தடவை சாதம் அடிப்பிடித்தது. சாதத்தில் கவனம் போகாத அளவுக்குப் பாட்டு நன்றாக இருந்ததா, அல்லது வெறும் ஞாபகமறதியா என்று அதிலிருந்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவன் குரல் என்னுடையதைவிடக் கீழே இறங்குகிறது. உறுமிக்கொண்டே வந்து, நடுவில் சட்டென்று உறுமலை விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பாடுகிறான். கடைசிப் பாட்டு, என் பஸ் பாட்டு. அதையே அவன் குரலில் மறுபடி பதிந்திருக்கிறார்கள். "வரும்னாங்க" என்று உறுமுகிறான். பிறகு மூச்சு விடுகிறான். பிறகு "வரல" என்று தணிந்து சொல்கிறான். அந்த இடத்தில் எனக்கு ஒடுகத்தூர் பஸ் நிறுத்தமும், வராத பஸ்ஸுக்காகக் கையில் டிபன் பாக்ஸோடு நின்ற என் அப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் பாடியபோது அவர்கள் வந்ததில்லை. நான் நடுவில் மூச்சே விட்டதில்லை.

கணவரைக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாருக்குதும்மா."

"என்னோடது?"

"அதுவும் நல்லாருந்துச்சி."

"ரெண்டுல எது?"

"ரெண்டும் வேற வேற மாதிரி நல்லாருக்குது."

வெறும் தாளுக்கும் தேதி எழுதியிருக்கிறது என்று மதிப்பெண் போடுகிற ஆசிரியர் அவர். அவரிடம் கேட்டது என் பிழைதான்.

அந்த வாரம் ஒரு மழை பெய்தது. காவல் குடிசைக் கூரை ஒழுகி, பென்டிரைவ் நனைந்து செத்தது. நான் மகளுக்கு ஊசி போடக் கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா வேறொன்று கேட்டு வந்திருக்கிறார். கணவர் தாராளமாகக் கணினியில் இருந்ததைப் பதிந்து கொடுத்துவிட்டார். கணினியில் இருந்தது புதிய ஆல்பம். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தார். என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"புதுசு வந்துடுச்சே, அதான் அதப் போட்டுக் குடுத்தேன். அப்டேட் பண்ணிட்டேன்னு சொன்னேன். அவங்களுக்கும் சந்தோஷம்."

பென்டிரைவைத் திரும்ப வாங்கி வரச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இதுவும் அதே குழு, அதே டிரம்ஸ், சத்தம் சத்தம்தானே என்று நினைத்தேன். பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றும் நினைத்தேன். கொடுத்தால், புதியவனுக்கு நான் வாய்ப்பே தரவில்லை என்றாகிவிடுமோ? சாமைக் காட்டில்கூட இடம் விடாதவள் என்று என்னைப் பற்றி நானே நினைக்க வேண்டி வருமோ? விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரம்மா பழமில்லாமல் வந்தார்.

"சார் இல்லியா?"

"பள்ளிக்கூடம் போயிட்டாரு, அக்கா. இன்னாச்சி?"

"கரடிய மாத்திட்டாரா?"

நான் மகளின் மூக்கைத் துடைத்தேன்.

"இது பாட்டு பாடுது கண்ணு. முன்ன இருந்தது இன்னா சொல்லுதுன்னே தெர்ல, அதான் பயமா இருந்துச்சி. இது பஸ்ஸு வரலன்னு சொல்லுது. தெளிவா கேக்குது. எங்கூட்டுக்காரரு பாதி ராவுல 'அய்யோ பாவம்'ங்கறாரு. பன்னிக்கி இன்னா பயம்? நின்னு கேட்டுட்டுத் தின்னுட்டுப் போவுது."

இப்படி ஒரு விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஒரு பாடகனுக்குச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த பாராட்டையும், அவனை வேலையிலிருந்து தூக்குவதற்கான காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வந்து பாரு, கீழ்க் கொல்லையில ஒரு பட்டையே பூட்ச்சி" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கீழ்ப்புறம் ஒரு பட்டை சாமை, ஏர் ஓட்டினது போலக் கிடந்தது. முற்றத் தொடங்கிய கதிர்கள் சேற்றில் பதிந்திருந்தன. வீட்டுக்காரம்மா குனிந்து சாய்ந்த தட்டைகளைத் தூக்கி நிமிர்த்திப் பார்த்தார். நிற்கவில்லை. நானும் கூட நிமிர்த்திப் பார்ப்பதற்காக மகளைக் கொஞ்சம் தள்ளி வரப்பின் மேல் ஒரு கோணியில் உட்கார வைத்தேன். உட்கார வைக்கலாமா, எறும்பு இருக்குமோ என்று யோசித்து, கோணியை உதறி, மறுபடி உட்கார வைத்தேன். பன்றியைப் பற்றி யோசிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டதால் அவை போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

வரப்புக்கு மேலே உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. ஒரு தாய்ப்பன்றி வெளியே வந்தது. பின்னால் கோடு போட்ட குட்டிகள். அதற்கும் என் மகளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மகள் அதைப் பார்த்துக் கை நீட்டினாள்.

எப்போதும் யோசிக்கிறவள் அன்று யோசிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. மூன்று வருஷமாக எங்கே இருந்ததென்று தெரியாத குரல், முழுசாக, சரிவெல்லாம் அதிரும்படி வந்தது. வந்த பிறகுதான் சொற்கள் என் காதில் விழுந்தன. ஒரு காட்டுப்பன்றியைப் பார்த்து, ஒடுகத்தூர் பஸ் வரவில்லை என்று உறுமிக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து ஒரு கல் பறந்தது. பன்றி திரும்பிப் புதருக்குள் பாய்ந்தது. குட்டிகளும் போயின. நான் ஓடி மகளைத் தூக்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. நான் அழுதேன்.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். காவல் குடிசையில் தொங்கிய ஸ்பீக்கரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கரடி நம்ம வூட்லதான் வாடகைக்கு இருந்துச்சா?"

"மன்னிச்சிக்குங்கக்கா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கட்டிக்கினாரு?" என்று கேட்டுவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓயும் வரை காத்திருந்து, எனக்கு முக்கியமாகப் பட்டதைக் கேட்டேன்.

"அக்கா, உங்க கல்லு அது மேல பட்டுச்சா?"

"தெர்ல கண்ணு. நீ போட்ட சத்தத்துல நான் கண்ண மூடிக்கினேன். பட்டிருக்கும். பட்டாப்புலதான் ஓடுச்சி. ஏன்?"

ஏன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கல் படவில்லை என்றால், என் குரலுக்குத்தான் ஓடியது. என் குரலுக்கு ஓடியது என்றால், புதியவன் குரலில் ஏதோ குறைகிறது. கல் பட்டிருந்தால் ஒன்றுமே தெரியாது. அந்தக் கல்லை அப்புறம் தேடினேன். மலையில் கல்லுக்கா பஞ்சம்?

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, ஆசிரியர் குரலில் ஒன்று சொன்னார்.

"எந்தச் சத்தமும் கொஞ்ச நாள்ல விலங்குக்குப் பழகிடும்மா. பழைய ஆல்பமே ஓடியிருந்தாலும் இந்நேரம் பன்னி வந்திருக்கும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"உன் பாட்டாச்சே. நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

அப்படியானால் புதியவன் மேல் பிழையில்லை. என் குரலுக்கே பழகிப்போன பன்றிகள், அவன் முறை வந்தபோது இறங்கியிருக்கின்றன. பழைய ஆல்பம் ஓடிய பக்கத்துக் காடுகளை முன்னமே அறுத்துவிட்டார்கள். இங்கே அதை மறுபடி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அடுத்தவர் சோற்றை வைத்துப் பரீட்சை பார்க்க என்னால் முடியவில்லை. வீட்டுக்காரம்மாவும் அதற்கு நேரம் தரவில்லை. மீதி கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி அறுத்துவிட்டார். நானும் போய்க் கட்டுத் தூக்கினேன். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "கரடி வர்றாங்கோ, வழி வுடுங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் இருமல் மருந்தைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை. இப்போதும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு மோர் குடிக்கும்போது வீட்டுக்காரம்மா சொன்னார். "அடுத்த வருசத்துக்குப் புதுசா ஒண்ணு பாடிக் குடு. ஆனா புரியாத மாதிரி பாடணும், சொல்லிட்டேன்." கல்யாணத்துக்குப் பிறகு பாட்டுக்காக எனக்கு வந்த முதல் அழைப்பு. சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்றியைப் பார்த்து உறுமியதில் மூன்று நாள் தொண்டை எரிந்ததே, அந்த எரிச்சல்கூடப் பிடித்திருந்தது. அது தீர்ந்தபோது எதையோ தொலைத்ததுபோல் இருந்தது. ஒரு தாய்க்கு இப்படி இருக்கலாமா என்று யாரைக் கேட்பது?

மகள் இப்போது புதிதாக ஒன்று செய்கிறாள். சுகாதார நிலையத்தில் செவிலியர், "பாப்பா பேச ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்டார். பதிலாக மகளே அவரைப் பார்த்து உறுமினாள். அடிவயிற்றிலிருந்து, சரியான இடத்திலிருந்து. செவிலியர் அட்டையில் எதுவும் எழுதாமல் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். முறையாக மூச்சு எடுக்கிறாள் என்ற திருப்தியை முகத்தில் காட்டாமல் இருக்கத்தான் குனிந்தேன்.

நேற்று கிட்டார்காரன் மறுபடி கூப்பிட்டான்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

"இன்னும் ஒரு தடவ கேக்கறேன்."

"அந்தப் பையன் சாப்பிடாம கெடக்கறான். ஒரே வார்த்த. இருக்கட்டுமா, போவட்டுமா?"

மகளுக்குப் பால் காய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் உண்மையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதனால் அது பொய்யில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கணவரைக் கேட்டால், "உனக்கு எது சரின்னு தோணுதோ அதச் சொல்லும்மா" என்கிறார். எனக்கு எது சரி என்று தோன்றுவதே இல்லை என்பதுதான் பிரச்சினை என்று திருமணமாகி இத்தனை நாளாகியும் அவருக்குத் தெரியவில்லை.

அதனால் உங்களைக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். அவன் பாடினால் வார்த்தை புரிகிறது. வீட்டுக்காரர் பாதி ராத்திரியில் அய்யோ பாவம் என்றார். என் அப்பா எனக்கு ஞாபகத்துக்கு வந்தார். பன்றிகள் பயப்படவில்லை. அவனை இருக்கச் சொன்னால், என் இடம் முழுக்கப் போய்விடும். போகச் சொன்னால், அந்த இடத்துக்குத் திரும்பிப் போக நான் ஆசைப்பட்டுத்தான் சொன்னேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். குழந்தையை வைத்துக்கொண்டு போகவும் முடியாது. போக முடியாத இடத்தை எதற்குக் காலியாக வைக்கச் சொல்வது?

உங்களில் யாராவது ஒரு இடத்தை விட்டு வந்து, அங்கே நிற்பவரைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டவராக இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். 'இருக்கட்டும்' என்று ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து போனில் அப்படியே வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? பன்றிகளைக் கணக்கில் எடுக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அந்தப் பையன் சாப்பிட வேண்டும்.